மூன்று விரல் நுழையாத வாய்

கொட்பேயிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற, உள்துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்குகிற, சீனக்குடாவிலிருந்து இரவிரவாக லொறி ஓட்டுகிற, மூதூரிலும் கிண்ணியாவிலும் வலை பொத்துகிற அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் நானாமாருக்கும்,



வாயில் இப்போது வெற்றிலை இருந்தால் துப்பிவிட்டுக் கொப்பளியுங்கள். பிறகு ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, மேலும் கீழுமாக நிற்கும்படி, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே வையுங்கள். மூன்றும் நுழைய வேண்டும். சுகமான ஒரு பெரிய ஆளின் வாய் 40 மில்லிமீற்றர் அளவுக்காவது திறக்கும். இரண்டு விரல்தான் போகிறதென்றால் இந்தக் கடிதம் முதலில் உங்களுக்கு. மூன்றும் போகிறது, ஆனால் கறியில் தூள் கொஞ்சம் கூடினாலே வாய் எரிகிறதென்றால் அப்போதும் உங்களுக்குத்தான்.

நான் பாடசாலைப் பற்சிகிச்சையாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. ஆனால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் தகப்பன் கதைக்கும்போது அவருடைய வாயும் கண்ணில் படும். கீழ்த்தாடை முழுதாக இறங்காது. சிரித்தால் கன்னம் சேர்ந்து அசையாது. உதட்டுக்கு உட்புறம் சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறி, பளிங்குபோல் இருக்கும். கேட்டால், "உடம்புச் சூடு அக்கா, வேற ஒண்டுமில்ல" என்பார். "பொயிலையை எப்பவோ விட்டிட்டன், இப்ப வெறும் பாக்குத்தான்" என்றும் சொல்வார். இந்த இரண்டு பேச்சையும் நான் கேட்ட அளவுக்கு வேறெதையும் கேட்டதில்லை. இரண்டும் ஆளைக் கொல்லும் நம்பிக்கைகள். அதனால்தான் எழுதுகிறேன்.

அது உடம்புச் சூடு அல்ல. இளநீரும் நன்னாரியும் அதைத் தணிக்காது. உங்கள் கன்னத்தின் மெல்லிய உட்தோலுக்கு அடியில் வருடக்கணக்காக ஆறாமல் கிடக்கும் அழற்சி அது. புகையிலை வாய்க்குச் செய்யும் கேட்டை நான் ஒரு துளியும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வாயை இறுக்கிப் பூட்டுவது பாக்கு.

அழற்சி என்றால் என்னவென்று உங்கள் கைகளுக்குத் தெரியும். கெளுத்தி முள் ஏறினால் அந்த இடம் சிவக்கும், வீங்கும், கொதிக்கும், வலிக்கும். ஏறத்தாழ 2000 வருடங்களுக்கு முன் ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் எழுதிவைத்த நான்கு அடையாளங்களும் இவையே. உள்ளே நடப்பது என்ன? தோலுக்கடியில் இருக்கும் மாஸ்ட் கலங்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை வெளியே விடுகின்றன. அக்கம்பக்கத்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன. சில மணித்தியாலங்களுக்குள் நியூட்ரோபில் எனும் வெண்குழியங்கள் குழாயை விட்டு வெளியே வந்து, முள்ளோடு வந்த கிருமிகளை விழுங்கி, விழுங்கியபடியே சாகின்றன. சீழில் பெரும்பகுதி இப்படிச் செத்த குழியங்கள்தான். ஓரிரு நாளில் மெக்ரோபேஜ் எனும் பெரிய விழுங்கு கலங்கள் வந்து, செத்ததையும் சிதைந்ததையும் தின்று இடத்தைத் துப்புரவாக்குகின்றன. பிறகு பைப்ரோபிளாஸ்ட் எனும் கலங்கள் கொலாஜன் நாரை இட்டுக் காயத்தை மூடுகின்றன. கூடுதலாக இட்ட நாரை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடும். ஒரு தழும்போடு கதை முடிந்துவிடும்.

இந்த விழுங்கு கலங்களின் வேலை கடற்கரையில் கண்டுபிடிக்கப்பட்டது என்பது உங்களுக்குப் பிடிக்கும். 1882இல் சிசிலித் தீவின் துறைமுக நகரமான மெசினாவில் எலி மெச்னிகோவ் என்ற ரஷ்ய விலங்கியலாளர், கண்ணாடிபோல் உள்ளே தெரியும் நட்சத்திரமீன் குஞ்சுகளின் உடம்பில் சிறு முட்களைக் குத்திவைத்தார். மறுநாள் காலை பார்த்தபோது நடமாடும் கலங்கள் முள்ளைச் சுற்றி மொய்த்திருந்தன. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முள் குத்திய உடம்பு சும்மா கிடப்பதில்லை, அங்கே ஆள் அனுப்புகிறது என்பதை உலகம் அறிந்தது அப்படித்தான்.

அந்த அழற்சியை அணைப்பதற்கும் உடம்பு தனியாக வேலை செய்கிறது. வேலை முடிந்ததும் கலங்களைத் திருப்பி அனுப்பும் பொருள்கள் உண்டு. ஹார்வர்டில் சார்ள்ஸ் செர்ஹானும் அவருடைய குழுவினரும் அவற்றில் ஒரு வகைக்கு ரிசொல்வின் என்று பெயரிட்டார்கள். ஒமேகா-3 கொழுப்பிலிருந்து உடம்பு அவற்றைச் செய்துகொள்கிறது. நீங்கள் அள்ளிக்கொண்டு வருகிற சூடையிலும் நெத்தலியிலும் இருப்பது அந்தக் கொழுப்புத்தான். மீன் தின்றால் பாக்கின் கேடு தீர்ந்துவிடும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அணைக்க ஆயத்தமான உடம்பாக இருந்தாலும், காரணம் போகாமல் அழற்சி அணையாது.

அந்தக் காரணத்தைத்தான் நாள்தோறும் கன்னத்துக்குள் அடக்கி வைக்கிறோம். ஒரு கூறு வெற்றிலைபாக்கு உண்டாக்கிய உரசலும் எரிவும் ஆறுமுன் அடுத்த கூறு போகிறது. ஆழ்கடலில் சிலர் கன்னத்துக்குள் அடக்கியபடியே தூங்குகிறார்கள். வெட்டுப் பாக்கின் கரடுமுரடு உட்தோலைத் தேய்க்கிறது, சுண்ணாம்பு அரிக்கிறது, தேய்ந்த இடத்தால் பாக்கின் சாறு உள்ளே இறங்குகிறது. வாரங்கள் மாதங்களாகும்போது அங்கே குடியிருக்கும் கலங்களும் மாறிவிடுகின்றன. வந்தவுடன் சாகிற நியூட்ரோபில்கள் குறைய, நீண்ட நாள் தங்குகிற மெக்ரோபேஜ்களும் நிணநீர்க் குழியங்களும் நிலைகொள்கின்றன. அவை ஒன்றையொன்று தூண்டும் இரசாயனச் செய்திகளை ஓயாமல் விடுகின்றன. அவற்றில் ரி.ஜி.எஃப். பீற்றா என்பதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். "நாரை இடு, இட்டதைக் கரைக்காதே" என்பதுதான் பைப்ரோபிளாஸ்ட் கலத்துக்கு அது சொல்லும் செய்தி.

பாக்கில் இருப்பவை எல்லாம் இந்தச் செய்திக்கே துணை நிற்கின்றன. அரிகோலின் என்ற அல்கலோயிட் நார் நெய்யும் கலங்களை முடுக்குகிறது. பாக்குக்குத் துவர்ப்பைத் தரும் தனின், கொலாஜன் கரையாதபடி அதைப் பதப்படுத்துகிறது. பாக்கில் செப்பு தாராளமாக உண்டு. மெல்ல மெல்ல அது உமிழ்நீரில் கலக்கிறது. கொலாஜன் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் லைசில் ஒக்சிடேஸ் என்ற நொதியம் வேலை செய்யத் தேவையானது அந்தச் செப்புத்தான். நாரை இடுவது கூடுகிறது, கரைப்பது குறைகிறது, இட்டது பிணைந்து இறுகுகிறது. உப்புத் தண்ணீரில் ஊறி வெயிலில் காய்ந்த கயிறு கையில் எப்படி விறைத்து நிற்கும்? கன்னத்தின் உட்பக்கம் அப்படி ஆகிறது. விரலால் தடவினால் பட்டி பட்டியாகத் தட்டுப்படும். இரத்தக் குழாய்கள் நெரிபடுவதால் அந்த இடம் வெளிறுகிறது. மேலே இருக்கும் தோல் மெலிந்துபோவதால் மிளகாய் பட்டதும் எரிகிறது. பிறகு சீழ்க்கை அடிக்க வராது. மெழுகுதிரியை ஊதி அணைக்க முடியாது. நாக்கை முழுதாக வெளியே நீட்ட முடியாது. கடைசியில் சோற்றுக் கவளத்தைச் சின்னதாக உருட்ட வேண்டி வருகிறது.

வைத்தியர்கள் இதை ஓரல் சப்மியூக்கஸ் பைப்ரோசிஸ் என்பார்கள். வாயின் உட்தோலுக்கு அடியில் நார் பிடித்தல் என்று சொன்னால் போதும். 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கிழக்கு ஆபிரிக்காவில் குடியேறியிருந்த இந்தியப் பெண்கள் ஐந்து பேரிடம் இதைக் கண்டு எழுதினார். அடுத்த வருடமே பம்பாயில் ஜோஷி என்ற வைத்தியரும் எழுதினார். நம் ஆட்கள் போன இடமெல்லாம் பாக்கும் போனது, பாக்கோடு இந்த நோயும் போனது.

இது வாய் திறக்காத கஷ்டத்தோடு நிற்பதில்லை. பாக்கும் சுண்ணாம்பும் சேரும்போது உண்டாகும் ஒட்சிசன் தனிமூலிகங்களும், பாக்கின் அல்கலோயிட்டிலிருந்து வாய்க்குள்ளேயே உண்டாகும் நைத்ரோசமீன்களும் தோற்கலங்களின் டி.என்.ஏ.யைப் பழுதாக்குகின்றன. பழுதான கலம் சாக வேண்டும். ஆனால் நாட்பட்ட அழற்சி நடக்கும் இடத்தில் "பிரி, பெருகு" என்ற செய்திகளே நிறைந்திருக்கின்றன. பழுதோடேயே கலம் பெருகுகிறது. புற்றுக்கட்டிகளுக்குள் வெண்குழியங்கள் இருப்பதை ஜெர்மனியில் ருடோல்ஃப் வீர்கோ 1863இலேயே கவனித்து, நாட்பட்ட அழற்சி நடக்கும் இடத்தில் புற்று தோன்றுகிறது என்று எண்ணினார். கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நார்ப்பிடிப்பு உள்ள 66 பேரை 17 வருடங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். ஐந்து பேருக்குப் புற்றுநோய் வந்தது, அதாவது 7.6 வீதம். ஒரு படகில் போகிற ஆட்களை மனதில் எண்ணிப் பாருங்கள், இது சின்னக் கணக்கல்ல. இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் நீண்ட காலமாக முதலிடத்தில் நிற்கிறது.

"வெறும் பாக்குத்தானே" என்பவர்களுக்குத் தாய்வானைச் சொல்கிறேன். அங்கே லொறிக்காரரும் மீன்பிடிகாரரும் கட்டட வேலையாட்களும் பாக்கு மெல்கிறார்கள், உங்களைப் போலவே நித்திரை விழிப்பதற்காக. அங்கே பெரும்பாலும் புகையிலை சேர்ப்பதில்லை. ஆனாலும் வாய்ப் புற்றுநோய் அங்கே பெருகியது. 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், புகையிலை சேராத பாக்கையே மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. புகையிலைப் புகையும் அந்த வகுப்பில்தான் இருக்கிறது. 2022இல் உலகெங்கும் கண்டறியப்பட்ட வாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 120,200, அதாவது பத்தில் மூன்று, மெல்லும் புகையிலையாலும் பாக்காலும் வந்தவை என்று அதே முகவரகம் மதிப்பிட்டிருக்கிறது. இலங்கையில் 2016இல் புகையிலை கலந்த மெல்லும் பொதிகளுக்குத் தடை வந்தது நல்ல காரியம். ஆனால் அதன் பிறகு "புகையிலைதான் பிழை, பாக்கு பரவாயில்லை" என்ற எண்ணம் சிலரிடம் வலுத்துவிட்டது. அதுதான் எனக்குக் கவலை.

இன்னொரு பேச்சும் உண்டு. "எங்கட அப்பப்பா தொண்ணூறு வயது வரைக்கும் வெற்றிலை போட்டவர். அவருக்கு என்ன வந்தது?" இதற்குப் பதில் நம் நாட்டிலேயே, நம் மொழி பேசும் மக்களின் வாயிலேயே இருக்கிறது.

1970இல் நோர்வேயைச் சேர்ந்த பல் வைத்திய விஞ்ஞானி ஹரால்ட் லோவும் அவருடைய கூட்டாளிகளும் நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தார்கள். அதற்கு முன்பே, 1965இல், அவர் டென்மார்க்கில் பல் துலக்குவதை நிறுத்திய சுகதேகிகளுக்கு மூன்று வாரத்துக்குள் முரசு வீங்கி இரத்தம் கசிவதையும், மறுபடி துலக்கியதும் அது மாறிவிடுவதையும் காட்டியிருந்தார். ஒருபோதும் கவனிக்காமல் விட்ட முரசுக்கு வருடக்கணக்கில் என்ன நடக்கும் என்பது அவருடைய அடுத்த கேள்வி. 480 தோட்டத் தொழிலாளரை 15 வருட காலத்தில் பல தடவைகள் பரிசோதித்தார்கள். பல் வைத்திய வசதி எதுவும் கிட்டாத மக்கள் என்பதால்தான் அவர்கள் தெரிவானார்கள். இந்த ஒரு வரியை வாசித்துவிட்டு என்னால் சும்மா அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. உலகம் முழுவதும் பல் வைத்திய மாணவர்கள் இன்றும் படிக்கிற அறிவு, வசதி மறுக்கப்பட்ட நம் மக்களின் வாயிலிருந்து எடுக்கப்பட்டது. எடுத்த அறிவாவது திரும்ப நம்மிடம் வர வேண்டும்.

அவர்கள் கண்டது இது. எல்லோருக்கும் முரசில் அழற்சி இருந்தது. ஆனால் எல்லோருக்கும் முடிவு ஒன்றாக இருக்கவில்லை. 8 வீதமானவர்களுக்குப் பல்லைத் தாங்கும் திசு வேகமாக அழிந்து, நடுவயதிலேயே பற்கள் போயின. 81 வீதமானவர்களுக்கு அழிவு நடுத்தரமாக நடந்தது. 11 வீதமானவர்களுக்கு வீக்கத்துக்கு அப்பால் எதுவும் நடக்கவில்லை. அதே தோட்டம், அதே சாப்பாடு, அதே கவனிப்பின்மை. மாறியது அவரவர் உடம்பின் பதில். ஒருவருடைய மெக்ரோபேஜ்களும் நிணநீர்க் குழியங்களும் அளவோடு நின்றுவிடுகின்றன. இன்னொருவருடையவை கிருமியைத் துரத்துகிறோம் என்று தாடை எலும்பையே கரைத்துவிடுகின்றன. உங்கள் அப்பப்பா அந்த 11 வீதத்தைப் போன்ற ஒருவராக இருந்திருக்கலாம். நீங்கள் எந்தப் பக்கம் என்பது போட்டுப் பார்த்த பிறகுதான் தெரியவரும். தெரியவரும்போது விரல் நுழையாது.

நாட்பட்ட அழற்சி வாயோடு நிற்பதுமில்லை. முரசு அழற்சி உள்ளவருக்கு நீரிழிவைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். நீரிழிவு கட்டுப்படாதவருக்கு முரசு இன்னும் மோசமாகும். இருதய நாடிகளில் கொழுப்புப் படியும் இடத்திலும் அதே மெக்ரோபேஜ்கள்தான் கொழுப்பை விழுங்கி வீங்கிக் கிடக்கின்றன. 2017இல் வெளியான ஒரு பெரிய சோதனையில், முன்பே மாரடைப்பு வந்த சுமார் 10,000 பேரில் ஒரு பகுதியினருக்கு அழற்சிச் செய்தி ஒன்றை, இன்டர்லூகின்-1 பீற்றா என்பதை, தடுக்கும் ஊசி போட்டார்கள். கொலஸ்ட்ரோல் குறையாமலே மாரடைப்புகள் குறைந்தன. ஆனால் உயிர்போகிற தொற்றுகள் கூடின. அழற்சியை முழுக்க அடக்கினால் உடம்பு கிருமிக்கு முன் நிராயுதபாணியாகிவிடும். வாய் நார்ப்பிடிப்புக்கும் ஸ்டெரொயிட் ஊசி போடுவார்கள், அது கொஞ்சம் உதவும். ஆனால் பாக்கு வாயில் இருக்கும்வரை எந்த ஊசியும் தோற்றுக்கொண்டே இருக்கும்.

உங்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. இந்தப் பழக்கத்தை நீங்கள் தொடக்கிவைக்கவும் இல்லை. 1660இல் கொட்டியாரக் குடாவில், மூதூர்க் கரையில் பிடிபட்ட ஆங்கிலேயர் றொபர்ட் நொக்ஸ், கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது வருடம் கிடந்து தப்பிப்போய் 1681இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த நாட்டின் கமுகையும் வெற்றிலை மெல்லும் வழக்கத்தையும் எழுதிவைத்திருக்கிறார். கலியாணத்துக்கு அழைப்பதும் வெற்றிலை வைத்துத்தான், பெரியவரைக் கும்பிடுவதும் வெற்றிலை வைத்துத்தான். அந்தத் தட்டை யாரும் தூக்கியெறிய வேண்டாம். கொடுக்கலாம், வாங்கலாம், வைக்கலாம். வாய்க்குள் போவதுதான் கேள்வி.

ஏன் போடுகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். இரவு முழுக்க வலை இழுக்க வேண்டும். குளிர்காற்றில் கண் சொக்கும். சாப்பாடு நேரத்துக்கு இல்லை. பாக்கிலுள்ள அரிகோலின் நரம்பைத் தட்டி எழுப்புகிறது, உடம்பைச் சூடாக்குகிறது, பசியை மறக்கச் செய்கிறது. இது வீண் பழக்கமல்ல, வேலைக்குச் செலுத்தும் விலை. அந்த விலை உங்கள் கன்னத்திலிருந்து போகிறது, இலாபம் வேறு எங்கோ போகிறது. நித்திரை முறிக்கிற வேலைமுறையைப் பற்றிப் பேசாமல் வெற்றிலையைப் பற்றி மட்டும் பேசுகிற சுகாதாரப் பிரசங்கம் எனக்கும் பிடிப்பதில்லை.

ஆகவே படகு முதலாளிமாருக்கும் மீனவர் சங்கங்களுக்கும் சுமைக்காரர் சங்கங்களுக்கும் நேரே சொல்கிறேன். கடலுக்குப் போகும் சாமான் பட்டியலில் ஐஸ், டீசல், அரிசியோடு வெற்றிலையும் பாக்கும் ஏறுகின்றன. அந்தக் காசுக்குக் கச்சானையும் அவித்த கடலையையும் தேயிலையையும் இஞ்சியையும் ஏற்றுங்கள். முறை வைத்து ஆட்களைத் தூங்க விடுங்கள். கரைக்கு வந்த ஆளை வைத்தியசாலைக்குப் போக விடுங்கள், அந்த நாள் கூலியை வெட்டாதீர்கள். மாவட்டத்துச் சுகாதார அதிகாரிகளிடமும் ஒன்று கேட்கிறேன். படகுகள் கரையேறுகிற விடியற்காலையில், துறையிலேயே, மாதம் ஒரு நாள் வாய்ப் பரிசோதனை வையுங்கள். காலை எட்டு மணிக்குத் திறக்கிற கிளினிக்குக்கு இரவு முழுக்க வலை இழுத்தவர் வரமாட்டார். பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. 1996இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வெளிச்சம் அடித்து வாய்க்குள் பார்த்தார்கள், அவ்வளவுதான். புகையிலையோ மதுவோ பழக்கமானவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005இல் முடிவு வெளியானது.

இனி உங்களுக்கு. விடுவதென்றால் பாக்கை விடுங்கள். புகையிலையையும் சுண்ணாம்பையும் அதோடு சேர்த்து விடுங்கள். முதல் சில நாள் எரிச்சல் வரும், தலை இடிக்கும், தூக்கம் குழம்பும். அது பாக்கு உங்களைப் பிடித்து வைத்திருந்ததன் அடையாளம், அது கடந்துபோகும். தனியாக விடுவதைவிடப் படகில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் விடுவது இலகு. மணக்கவும் மெல்லவும் ஏதாவது வேண்டுமென்றால் ஏலக்காய், கராம்பு, சோம்பு ஏதாவது ஒன்றை வாயில் போடுங்கள். "பாக்கு இல்லாத பீடா" என்று சொல்லி விற்பதை மட்டும் நம்பாதீர்கள், பிரித்துப் பாருங்கள்.

ஏற்கெனவே வாய் இறுகியவர்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். குறுக்கே பிணைந்துவிட்ட நார் தானாகக் கரையாது. பாக்கை விட்டால் எரிவு குறையும், இறுக்கம் மேலும் கூடாமல் நிற்கக்கூடும். நாள்தோறும் வாயை மெல்ல மெல்லத் திறக்கும் பயிற்சியும், ஊசியும், தேவைப்பட்டால் சத்திர சிகிச்சையும் கொஞ்சம் இடம் தரும். விட்ட பிறகும் புற்றுநோய் வரும் வாய்ப்பு முற்றாகப் போய்விடுவதில்லை, ஆகவே பரிசோதனையை விடக்கூடாது. வாயை முழுதாகத் திறக்க முடியாதவருக்குக் கட்டி வந்தால் அதைப் பார்ப்பதும் கஷ்டம், வெட்டுவதும் கஷ்டம். நோய் முற்றிய பிறகு புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மட்டக்களப்புக்கும் மஹரகமவுக்கும் வண்டி பிடித்து அலைந்த குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். வீட்டுக்காரியின் தோடும் வள்ளத்து இஞ்சினும் முதலில் போகும்.

அடுத்த முறை கரையில் நாலு பேர் ஒன்றாக இருக்கும்போது, ஒருவர் வாயை மற்றவர் டோர்ச் அடித்துப் பாருங்கள். கன்னத்தின் இரண்டு உட்பக்கமும், நாக்கின் இரண்டு ஓரமும், நாக்குக்கு அடியும், கீழுதட்டின் உள்ளும். துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை, சிவப்புப் படை, விரலுக்குக் கல்லுப்போல் தட்டுப்படும் இடம், இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால், நோகவில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஆரம்பத்தில் புற்று பெரும்பாலும் நோகாது. திருகோணமலைப் பொது வைத்தியசாலையோ, கிண்ணியா, மூதூர், கந்தளாய் வைத்தியசாலைகளோ, எது கிட்டவோ அங்கே பல் வைத்தியரிடம் போங்கள். காசு தேவையில்லை. வெற்றிலை போடுகிற பழக்கத்தை மறைக்காமல், எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எத்தனை தரம், எந்தக் கன்னத்தில் அடக்குவீர்கள் என்று நீங்களாகவே சொல்லுங்கள். அந்தக் கன்னத்தைத்தான் அவர் முதலில் பார்ப்பார்.

அன்புடன்,
உங்கள் அக்கா
ஓய்வுபெற்ற பாடசாலைப் பற்சிகிச்சையாளர்
திருகோணமலை